பெல்ட் போனதும் வந்ததும்

1909-இல் ஹார்லி-டேவிட்சன் கம்பெனி தன் முதல் வி-ட்வின் மோட்டார் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று அந்தக் கம்பெனியின் அடையாளமாகவே ஆகிவிட்ட இரட்டை சிலிண்டர் எஞ்சின், பிறந்த வருஷத்திலேயே தோற்றது. முப்பதுக்கும் குறைவான வண்டிகளே வெளியே போயின. அடுத்த வருஷத்து விற்பனைப் பட்டியலில் அந்த வண்டியே இல்லை. வால்வு அமைப்பிலும் குறை இருந்தது என்பது உண்மைதான். ஆனால் ஓட்டியவர்களை அலைக்கழித்தது பெல்ட். எஞ்சினுக்குப் பலம் கூடியிருந்தது. அந்தப் பலத்தைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோக வேண்டிய தோல் வார், புல்லியின் மேல் வழுக்கிக்கொண்டே இருந்தது. வாரை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உருளையை அந்த வண்டியில் வைக்கவில்லை. 1911-இல் டென்ஷனரோடு வி-ட்வின் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அது நிற்கவேயில்லை.

மதுரையில் ஒரு பெல்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மாவு மில், பம்ப் செட், கதிரடிக்கும் இயந்திரம் என்று எங்கெங்கோ ஓடி அறுந்த பெல்ட்டுகள் புகார் சீட்டோடு எங்கள் மேசைக்கு வரும். ‘சரக்கு சரியில்லை’ என்றுதான் எல்லாச் சீட்டிலும் எழுதியிருக்கும். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் வேறு கதை இருக்கும்: இறுக்கம் தப்பியிருக்கும், புல்லிகள் நேர்கோட்டில் நின்றிருக்காது, எண்ணெய் ஊறியிருக்கும். 1909-இன் அந்த ஹார்லியும் அதே வகைப் புகார்தான். தோலின் மேல் பழி விழுந்தது. குறையோ, தோலை இறுக்கிப் பிடிக்க யாரும் இல்லாததில் இருந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் என் தங்கை மகன். பழைய ஹார்லி ஸ்ட்ரீட் 750 ஒன்றை வாங்கப் பார்த்துக்கொண்டிருந்தான். “பெரியம்மா, வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா செயின் இல்ல, பெல்ட்டு. ரப்பரை நம்பி எப்படிப் போறதுன்னு பசங்க பயமுறுத்துறாங்க. நீங்கதான் சொல்லணும்” என்றான். அந்தப் பயம் அவனுடைய நண்பர்களிடம் பிறந்ததல்ல. அதற்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான், இன்றைய வண்டியில் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்பது தெளியும்.

மோட்டார் சைக்கிள் பிறந்த காலத்தில் செயின் இல்லாமல் இல்லை. மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் 1880-லேயே ரோலர் செயினை உருவாக்கிவிட்டார். சைக்கிள்கள் எல்லாம் அதில்தான் ஓடின. அமெரிக்காவில் இந்தியன் கம்பெனி 1901-இல் செய்த முதல் வண்டியிலிருந்தே செயினைத்தான் போட்டது. அப்படியிருந்தும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிகப் பல தயாரிப்பாளர்கள் தோல் பெல்ட்டையே தேர்ந்தெடுத்தார்கள். அது அறியாமையால் அல்ல. அன்றைய ஒற்றை சிலிண்டர் எஞ்சின் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு குத்து குத்தும். கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது. வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, எஞ்சின் பிடித்ததும் தாவி ஏற வேண்டும். அந்தக் குத்தை அப்படியே செயினில் ஏற்றினால் கண்ணி அறும், இல்லை பல்சக்கரம் தேயும். தோல் வார் கொஞ்சம் நீளும், கொஞ்சம் வழுக்கும். அந்த வழுக்கலிலேயே குத்து கரைந்துபோகும். விலையும் குறைவு, சத்தமும் இல்லை. அன்றைய தொழிற்சாலைகளிலும் கூரையோரம் ஓடும் ஒரே தண்டிலிருந்து தோல் பெல்ட்டுகளே எல்லா இயந்திரங்களையும் ஓட்டின. பெல்ட்டை வெட்டவும் ஒட்டவும் கொக்கி போடவும் எல்லா ஊரிலும் ஆள் இருந்தான்.

ஆனால் தொழிற்சாலையில் மழை பெய்யாது. சாலையில் பெய்யும். நனைந்த தோல் நீளும், நீண்டால் தொய்யும், தொய்ந்தால் வழுக்கும். எஞ்சின் பக்கத்துப் புல்லி சின்னது, அதைச் சுற்றி வார் தொடும் பரப்பும் குறைவு. எனவே வழுக்கல் எப்போதும் அங்கேதான் தொடங்கும். போதாததற்கு அன்றைய எஞ்சின்கள் உள்ளே போன எண்ணெயைத் திரும்ப எடுக்காமல் வெளியே துப்பிக்கொண்டே ஓடின. அதுவும் பெல்ட்டில் படும். ஓட்டுபவர்கள் தோலுக்கு விளக்கெண்ணெய் தடவிப் பதப்படுத்தினார்கள். உதிரி பெல்ட்டும், இணைக்கும் கொக்கிகளும், துளை போடும் கருவியும் இல்லாமல் யாரும் தொலைதூரம் கிளம்பவில்லை. நீண்ட வாரில் ஒரு துண்டை வெட்டியெடுத்து மறுபடி கொக்கி போடுவது சாலையோரத்து அன்றாட வேலை. தட்டைத் தோலுக்குப் பதில், புல்லியின் பள்ளத்தில் ஆப்பு போல இறங்கிப் பிடிக்கும் ‘வி’ வடிவ பெல்ட்டுகள் வந்தன. ரப்பரும் கித்தானும் சேர்த்துச் செய்த பெல்ட்டுகள் வந்தன. ஒவ்வொன்றும் வழுக்கலைக் கொஞ்சம் குறைத்தது. ஒன்றும் அதை ஒழிக்கவில்லை.

ஐல் ஆஃப் மேன் தீவில் 1907-இல் நடந்த முதல் டி.டி. பந்தயத்தில் ஜெயித்த மாட்ச்லெஸ், நார்ட்டன் வண்டிகள் இரண்டும் பெல்ட் வண்டிகள்தான். 1911-இல் பந்தயத்தைப் பெரிய மலைப்பாதைக்கு மாற்றினார்கள். ஸ்னாஃபெல் மலையின் தோளில் ஏறும் அந்தச் சாலை, கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் போகும். கியர் இல்லாத பெல்ட் வண்டிக்கு அந்த ஏற்றம் பெரும் சோதனை. அந்த வருஷம் சீனியர் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் எடுத்தது இந்தியன்: காட்ஃப்ரி, ஃபிராங்க்ளின், மூர்ஹவுஸ். மூன்றும் செயின் போட்ட, இரண்டு கியர் உள்ள வண்டிகள். அந்த மலைதான் பெல்ட்டின் பெயரைக் கெடுத்தது. ஹார்லியும் 1912-இல் செயின் வண்டியை விற்கத் தொடங்கியது. 1914-க்குப் பிறகு பெல்ட்டையே விட்டது.

பெல்ட் உடனே அடங்கிவிடவில்லை. அடங்காமல் நின்ற அந்தச் சில வருஷங்கள்தான் இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பெல்ட்டை வைத்துக்கொண்டே மலை ஏற முடியும் என்று இரண்டு கம்பெனிகள் நிரூபிக்க முயன்றன.

ஒன்று ஜெனித். அதன் ‘கிராடுவா’ வண்டியில் எஞ்சின் புல்லியின் இரு பக்கத் தட்டுகளையும் ஒரு கைப்பிடியைச் சுற்றி நெருக்கலாம், விலக்கலாம். நெருக்கினால் பெல்ட் வெளிப்பக்கம் ஏறி ஓடும், வண்டி வேகமெடுக்கும். விலக்கினால் உள்ளே இறங்கும்; ஏற்றத்துக்கு வேண்டிய இழுவை கிடைக்கும். உள்ளே இறங்கினால் பெல்ட் தொய்யுமே என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை அழகானது. அதே கைப்பிடி, அதே நேரத்தில் பின்சக்கரத்தையே முன்னும் பின்னுமாக நகர்த்தும், இறுக்கம் மாறாது. மலையேற்றப் போட்டிகளில் இந்த வண்டி மற்றவர்களை ஓரங்கட்டியதால், சில சங்கங்கள் அதை ஒற்றை கியர் வண்டிகளோடு போட்டியிடக் கூடாது என்று தடுத்துவிட்டன. ஜெனித் அந்தத் தடையையே பெருமையாக எடுத்துக்கொண்டு, ‘தடை செய்யப்பட்டது’ என்பதைத் தன் வணிகச் சின்னத்தில் பொறித்தது.

இன்னொன்று ரட்ஜ் கம்பெனியின் ‘மல்டி’. இதில் பின்சக்கரம் நகராது. முன்புல்லியின் தட்டு நெருங்கினால், பின்சக்கரத்தோடு சேர்ந்த பெரிய பெல்ட் வளையத்தின் தட்டு விலகும். முன்னால் பெல்ட் ஏறும்போது பின்னால் இறங்கும். மொத்த நீளம் சமன்படும். ஓட்டுபவரின் இடது பக்கம் ஒரு நீண்ட நெம்புகோல், அதற்கு இருபதுக்கும் மேற்பட்ட நிலைகள். 1914 சீனியர் டி.டி.யில் சிரில் புல்லின் இந்த பெல்ட் வண்டியில்தான் ஜெயித்தார். செயின் ஜெயித்துவிட்டது என்று எல்லோரும் முடிவுகட்டிய மூன்று வருஷத்துக்குப் பிறகு, அதே மலையில்! இன்று நம் தெருவில் போகும் கியர் இல்லாத பெட்ரோல் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் உள்ளே, தட்டு நெருங்கி விலக பெல்ட் ஏறி இறங்குகிறது. அந்தத் தத்துவத்துக்கு மோட்டார் சைக்கிள் உலகில் வழிகாட்டியவை கிராடுவாவும் மல்டியும். இறுக்கத்தை விட்டுக்கொடுக்காத எந்த பெல்ட்டும் வேலை செய்யும் என்பதற்கு இந்த இரண்டையும்விட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவமும் நேச நாட்டுப் படைகளும் எடுத்த டிரையம்ஃப் மாடல் எச் வண்டிகள் ஏறத்தாழ 30,000. செய்தி கொண்டுபோன வீரர்கள் ‘நம்பிக்கைக்குரியது’ என்றே அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸ் வரை செயின், அங்கிருந்து பின்சக்கரத்துக்கு பெல்ட். சேற்றிலும் குண்டுக் குழிகளிலும் அப்படித்தான் ஓடியது. ஆனாலும் போர் முடிந்து கிளட்சும் கியர்பாக்ஸும் குத்தை வாங்கும் ஸ்பிரிங்குகளும் தேறிவிட்டதும், தோல் பெல்ட்டின் பழைய தகுதிக்கு வேலையில்லாமல் போனது. 1920-களின் நடுவில் பெல்ட் வண்டிகள் கிட்டத்தட்ட மறைந்தேவிட்டன. “பெல்ட்டா? வழுக்கும், அறும்” என்ற பேச்சு மட்டும் அரை நூற்றாண்டுக்கு மேல் மிஞ்சியது.

திரும்பி வந்த பெல்ட் வேறு பிறவி. பெயர் மட்டும்தான் ஒன்று. 1940-களில் அமெரிக்காவில், தையல் இயந்திரத்தின் ஊசியும் அடிநூல் கொக்கியும் தாளம் தப்பாமல் ஓட வேண்டும் என்பதற்காக, உட்பக்கம் பல் வைத்த பெல்ட்டை உருவாக்கினார்கள். பல் இருந்தால் வழுக்கலுக்கு இடமில்லை. 1962-இல் ஜெர்மனியின் கிளாஸ் கார் கம்பெனி, எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் வேலைக்கு இந்தப் பல் பெல்ட்டைப் போட்டது. மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை ஓட்ட அதுவும் போதாது. வால்வை அசைக்கும் வேலை வேறு, மனிதர்களையும் வண்டியையும் இழுக்கும் வேலை வேறு. நீளாத நூல் வேண்டும். 1965-இல் டூபாண்ட் ஆய்வகத்தில் ஸ்டெஃபனி குவோலெக் என்ற வேதியியலாளர் கண்டறிந்த இழை, பின்னாளில் கெவ்லர் என்று பெயர் பெற்றது. எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிடப் பல மடங்கு வலுவானது, இழுத்தால் நீளாதது. அந்த இழையை முறுக்கிச் செய்த வடத்தை நாங்கள் ஆலையில் அராமிட் கார்டு என்போம். பெல்ட்டின் உயிர் ரப்பரில் இல்லை, அந்தக் கார்டில்தான். ரப்பர் அதைப் போர்த்திக்கொண்டிருக்கும் தோல்.

1980-இல் ஹார்லி-டேவிட்சன் ‘ஸ்டர்ஜிஸ்’ என்ற கறுப்பு வண்டியை வெளியிட்டது. தெற்கு டகோட்டாவில் வருஷாவருஷம் மோட்டார் சைக்கிள் கூட்டம் கூடும் ஊரின் பெயர் அது. 1340 சிசி எஞ்சின். எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு பல் பெல்ட், கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்கு இன்னொன்று. இரண்டையும் செய்தது கேட்ஸ் ரப்பர் கம்பெனி. அன்று ஹார்லி இருந்த நிலையில் இது துணிச்சலான காரியம். ஏ.எம்.எஃப். என்ற பெருநிறுவனத்தின் கையில் இருந்த அந்தக் கம்பெனி, எண்ணெய் ஒழுகும், அதிரும் என்று பெயர் கெட்டிருந்தது. அடுத்த வருஷம் அதன் அதிகாரிகளே சேர்ந்து கம்பெனியை விலைக்கு வாங்கினார்கள். எஞ்சின் பக்கத்து பெல்ட் நிலைக்கவில்லை. பின்சக்கரத்து பெல்ட் நிலைத்தது. பத்து, பன்னிரண்டு வருஷத்துக்குள் ஹார்லியின் பெரிய வண்டிகளுக்கும் ஸ்போர்ட்ஸ்டர் வரிசைக்கும் அதுவே வழக்கமானது. கவாசாகி 1980-களில் சில வண்டிகளிலும், சுசூகி 1986-இல் சாவேஜ் என்ற ஒற்றை சிலிண்டர் வண்டியிலும் பெல்ட்டைப் போட்டன. 1914-க்குப் பிறகு பெல்ட்டைக் கைவிட்ட கம்பெனியே அதை மீட்டுக் கொண்டுவந்தது.

பெல்ட் எங்கே ஜெயிக்கும், எங்கே தோற்கும் என்று கேட்டால் பி.எம்.டபிள்யூ. கம்பெனியைக் காட்டுவேன். 2006-இல் அவர்கள் கொண்டுவந்த எஃப் 800 எஸ், எஸ்.டி. என்ற சாலை வண்டிகளுக்கு பெல்ட். 2008-இல் அதே குடும்பத்து எஞ்சினை வைத்து, கல்லும் மண்ணுமான பாதைக்கு என்று செய்த எஃப் 800 ஜி.எஸ். வண்டிக்குச் செயின். பெல்ட்டின் பகை தூரமல்ல, கல். பல்லுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே ஒரு கூர்ங்கல் சிக்கினால், அது கார்டை வெட்டும்.

அமெரிக்காவில் எரிக் பியூல் நடத்திய கம்பெனியின் அனுபவமும் பாடம்தான். அவருடைய தொடக்க கால வண்டிகளில் பெல்ட் அறுந்த கதைகள் உண்டு. பின்சக்கரம் மேலும் கீழுமாக ஆடும்போது, இரண்டு புல்லிகளுக்கும் இடையிலான தூரம் சற்றே மாறும். அந்தப் பொழுதுக்கு பெல்ட் தேவைக்கு மேல் இறுகும். 2002-இல் வந்த எக்ஸ்பி வரிசையில் நடுவே ஒரு உருளையை வைத்து, பெல்ட் ஓடும் வழியின் நீளம் மாறாதபடி செய்தார். அந்த வண்டியில் பெல்ட்டை இறுக்கவோ தளர்த்தவோ திருகே கிடையாது. 1909-இல் ஹார்லி வண்டியில் விட்டுப்போன அதே உருளை, வேறு உருவில்.

நம் ஊருக்கு ஹார்லி வந்த வழி சுவையானது. 2007-இல் அமெரிக்கா இந்திய மாம்பழத்துக்குக் கதவைத் திறந்தது, இந்தியா ஹார்லி வண்டிகளுக்குத் திறந்தது. 2014-இல் ஸ்ட்ரீட் 750 விற்பனைக்கு வந்தது. ஹரியானாவின் பாவல் ஆலையில் தயாரானதால் விலை ஏறக்குறைய நான்கு லட்சத்தில் நின்றது. பெல்ட் வண்டி என்பது நடுத்தர வருமானக்காரர் கைக்கெட்டியது அப்போதுதான். 2020-இல் ஹார்லி இந்தியத் தயாரிப்பை நிறுத்தியது. அதுவரை விற்ற ஸ்ட்ரீட்டுகள் இன்று இரண்டாம் கை, மூன்றாம் கை மாறிக்கொண்டிருக்கின்றன. ஹீரோ கம்பெனியோடு சேர்ந்து 2023-இல் வெளியிட்ட எக்ஸ்440-க்குப் போட்டிருப்பது செயின்.

சென்னையில் ஒரு பழைய வண்டிக் கடையில் தங்கை மகனுக்காக அந்த ஸ்ட்ரீட்டைப் பார்த்தேன். கடைக்காரர் எஞ்சினை முறுக்கிச் சத்தம் காட்டினார். எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு, பின்சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கச் சொன்னேன். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினான் பையன். நான் டார்ச்சை வைத்து பெல்ட்டின் உட்பக்கத்தை ஒவ்வொரு பல்லாகப் பார்த்தேன். பல்லின் அடியில் முடி போன்ற மெல்லிய கோடுகள் சில இருந்தன. அதற்குப் பயப்பட வேண்டாம், கண்காணித்தால் போதும். ஓரத்தில் நூல் கொஞ்சம் பஞ்சுபஞ்சாகத் தெரிந்தது. அதுவும் அப்படியே. பல் பெயர்ந்திருந்தாலோ, பல்லின் முகம் கொக்கி போலத் தேய்ந்திருந்தாலோ, வெளிப்பக்கம் குறுக்கே விரிசல் ஓடியிருந்தாலோ, பெல்ட் முடிந்தது. கல் குத்திய துளை நடுவில் இருந்தால் கொஞ்ச நாள் தாங்கும். ஓரத்தில் இருந்தால் தாங்காது.

அடுத்து இறுக்கம். பெல்ட்டின் கீழ் ஓட்டத்தில், இரண்டு புல்லிக்கும் நடுவில், நாலரைக் கிலோ விசையில் மேல்நோக்கித் தள்ளினால் எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பதுதான் கம்பெனி முறை. எவ்வளவு ஏறலாம் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். அதற்கான சின்னக் கருவியும் உண்டு. பையன் தள்ளிப் பார்த்தான், கல்லாக இருந்தது. “நல்லா டைட்டா வெச்சிருக்கோம்மா” என்றார் கடைக்காரர், பெருமையாக. அந்தப் பெருமைதான் ஆபத்து. செயின் தொளதொளத்தால் இறுக்கிப் பழகிய கை, பெல்ட்டையும் அப்படியே இறுக்கும். அளவுக்கு மீறி இறுகிய பெல்ட் தன் கார்டையும் தின்னும், கியர்பாக்ஸ் தண்டின் பேரிங்கையும் தின்னும். சக்கரத்தைச் சுற்றச் சுற்ற, பெல்ட் பல்சக்கரத்தின் ஒரு விளிம்பை அழுத்தி உரசியது. ஆக்சிலை இரு பக்கமும் சமமாக நகர்த்தாமல் இறுக்கியிருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம்.

அதோடு பெல்ட்டின் மேல் பளபளவென்று ஏதோ பூசியிருந்தது. விரலை வைத்தேன், பிசுபிசுத்தது. சர்வீஸ் செய்த பையன் செயின் ஸ்பிரேயை அடித்திருக்கிறான். மாவு மில்களில் தட்டை பெல்ட் வழுக்கினால் மெழுகுக் கட்டியைத் தேய்ப்பார்கள். அந்தப் பழக்கத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. பல் பெல்ட்டுக்கு எண்ணெயும் வேண்டாம், மெழுகும் வேண்டாம். எண்ணெய் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், தூசியையும் மணலையும் பிடித்துவைத்து அரம் போல அறுக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி உலரவிட்டால் போதும்.

கண்ணுக்குத் தெரியாத சேதம் ஒன்று உண்டு. என் தொழிலில் நான் மிகவும் அஞ்சியது அதுதான். அராமிட் கார்டு இழுப்பைத் தாங்கும், மடிப்பைத் தாங்காது. பெல்ட்டை ஒரு முறை கூர்மையாக மடித்தால் உள்ளே கார்டு நொறுங்கிவிடும், வெளியே தழும்புகூடத் தெரியாது. சோதனைக்கூடத்தில் வேண்டுமென்றே மடித்துவிட்டு இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறோம். சொல்லிவைத்ததைப் போல அந்த இடத்திலேயே, கத்தியால் வெட்டியதைப் போல நேர்கோடாக அறுந்தது. அதிர்ச்சியில் அறும் பெல்ட்டோ பிசிறு பிசிறாக, கோணலாகக் கிழியும். அறுந்த பெல்ட்டைப் பார்த்தாலே அது எப்படிச் செத்தது என்று சொல்லிவிடலாம். அந்தக் காலத்தில் தோல் வாரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். தோல் அதைப் பொறுத்தது. இன்றும் சிலர் உதிரி பெல்ட்டை அதே மாதிரி இறுக்கிச் சுருட்டி, கயிறு கட்டி, சீட்டுக்கு அடியில் திணிக்கிறார்கள். “புது பெல்ட் ஒண்ணு ஸ்பேரா தர்றோம்” என்று விற்பவர் சொன்னால், அது எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். மடிந்து கிடந்தால் அதற்கு விலையே இல்லை.

பெல்ட்டை மாற்றுவது செயின் மாற்றுவதைப் போல எளிதல்ல என்பதையும் விலை பேசும்போது கணக்கில் கொள்ள வேண்டும். செயினுக்கு இணைப்புக் கண்ணி உண்டு. பெல்ட்டுக்கு முனையே கிடையாது. பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைக் கழற்றித்தான் அதை நுழைக்க முடியும். ஹார்லியின் பெரிய வண்டிகளில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பிரைமரி பக்கத்தையே பிரிக்க வேண்டும். ஸ்போர்ட்ஸ்டரில் பெல்ட் வலது பக்கம் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. பல்சக்கரமும் தேய்ந்திருந்தால் பெல்ட்டோடு சேர்த்து அதையும் மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் போட்ட புது பெல்ட் சீக்கிரம் போய்விடும். பி.எம்.டபிள்யூ. தன் எஃப் 800 பெல்ட்டுக்கு 40,000 கி.மீ. என்று மாற்றும் கெடு வைத்தது. ஒழுங்காக வைத்திருந்த ஹார்லி பெல்ட்டுகள் அதைப் போல இரு மடங்கு தூரம் ஓடியதும் உண்டு. ஓடோமீட்டரைவிட, வண்டி எந்தச் சாலையில் ஓடியது, யார் கை அதை இறுக்கியது என்பதே முக்கியம். தார்ச்சாலையில் 50,000 கி.மீ. ஓடிய பெல்ட்டை நான் எடுப்பேன். குவாரிப் பாதையில் 5,000 ஓடியதைத் தொடமாட்டேன்.

இந்த விஷயம் பணக்காரர்களின் ஹார்லியோடு முடியப்போவதுமில்லை. ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450 வரிசை மின்சார ஸ்கூட்டர்களில் பின்சக்கரத்தை ஓட்டுவது பல் பெல்ட்தான். அவையும் பழைய வண்டிச் சந்தைக்கு வரத் தொடங்கிவிட்டன. வாங்குபவர் பேட்டரியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்கிறார். குனிந்து பெல்ட்டைப் பார்ப்பவர் அபூர்வம்.

ஸ்ட்ரீட் விஷயத்தில் என் தீர்ப்பை அங்கேயே சொன்னேன். பெல்ட் இன்னும் சாகவில்லை, ஆனால் சாகடித்துக்கொண்டிருந்தார்கள். பல்சக்கரத்து விளிம்பு தேய்ந்திருந்ததால் பெல்ட், முன்புல்லி, பின்புல்லி மூன்றுக்கும் ஆகும் செலவையும் கூலியையும் விலையில் கழிக்கச் சொன்னேன். கடைக்காரர் தயங்கி ஒத்துக்கொண்டார். புது பெல்ட்டைக் கையேட்டு அளவில், கருவி வைத்து, என் கண் முன்னால் இறுக்கினார்கள்.

பெல்ட் போட்ட பழைய வண்டியை வாங்கப் போகும் யாருக்கும் நான் சொல்வது இதுதான்: பின்சக்கரத்தைத் தூக்கி முழுச் சுற்று சுற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், அந்த வண்டியை வாங்காதீர்கள்.